கவரைப் பிரிக்கும் முன்னே

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிர்காவில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து கிட்வாய் நகரில் அப்பா இருக்கும் வீட்டுக்குச் சாப்பிடப் போனவள், போனை நீட்டி அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். எங்கள் ஆய்வகத்தில் முயல்களுக்குக் கொழுப்புத் தீனி போட்டு ரத்தக்குழாயில் அடைப்பு வரவைப்போம். பாதி முயலுக்குப் புது மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். பிறகு குழாயை எடுத்துச் சாயத்தில் போட்டால் கொழுப்பு மட்டும் சிவக்கும். படத்தில் எட்டுக் குழாய். நாலு சிவப்பே இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

"மருந்து கேக்குதுப்பா!" என்றேன்.

எது மருந்து குடித்த முயல் என்று எனக்கே தெரியாது. எங்களிடம் எண் மட்டும்தான். எந்த எண்ணுக்கு எது என்ற பட்டியல் ஒட்டிய கவரில் ஆய்வகத் தலைவர் சாருடைய பீரோவில் இருக்கும், கடைசியில்தான் பிரிப்பார். நானாக அடித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கவரைப் பிரித்தார். பளிச்சென்ற நாலில் மூன்று, தண்ணீர் குடித்தவை. சரி, போகிறது சனியன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த ஞாயிறு வீட்டில் நகவெட்டி தேடி அப்பாவின் மேஜை டிராயரை இழுத்தேன். அட்டை அட்டையாக மாத்திரை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அப்பாவுக்கு இதயக் குழாயில் அடைப்பு. ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் சொன்ன மாத்திரை அது. அம்மா போன பிறகு எடுத்துக் கொடுக்க ஆளில்லை. அட்டைகளை அள்ளிக்கொண்டு அவரிடம் போனேன்.

"என்னப்பா இது?"

"அதத் தின்னா காலு வலிக்கு, ஏட்டி. ஒம் மருந்துதான் வரப்போவுதுல்லா? புது ஆர்டர் வருதுன்னா பழைய ஃபைல எவன் தொடுவான்?" முப்பத்தைந்து வருஷம் மத்திய சர்க்கார் கிளார்க்.

"ஐயோ அப்பா, அது கேக்கலப்பா! நாந்தான் அவசரக்குடுக்கை, உளறிட்டேன். நாளைக்கே டாக்டர்ட்ட போவோம்." அழுதுகொண்டே மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினேன்.

விழுங்கிவிட்டு நெஞ்சைத் தடவினார். அவருக்கும் பயம் வந்துவிட்டது.

"ரெண்டு மாசத்துல உள்ள எவ்வளவு ஏறியிருக்கும்ட்டி? அந்த முயலுக்குப் பாத்தியே, அதே மாதிரி எனக்கும் பாத்துச் சொல்லிரேன்."

முயலைக் கொன்றுதான் குழாயை எடுப்போம் என்று நான் வீட்டில் சொன்னதே இல்லை.