வாச்சர் பியதாசவின் கொப்பி

உப்புக்காற்றில் துருப்பிடித்த கேட். தள்ளினால் கிறீச்சென்று ஒரு சத்தம்... அதோடு சேர்ந்து, "மிஸ், எத்தின மணிக்கு வாறது?" என்று ஒரு குரல்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டின் வாச்சர், பியதாச அய்யே. சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன். நாட்டில் சண்டைக் காலம். நான் அப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்ட்.

அந்த ஒரு மனிதருக்கு எங்கள் ஒழுங்கையில் மூன்று பெயர். நாங்கள் வாச்சர் என்போம். முன்கடைக்காரர் சிங்களத்தில் 'முரகாரயா' என்பார். அம்மா ஊருக்குக் கடிதம் எழுதினால் காவலாளி என்று எழுதுவா.

அண்மையில்தான் இவற்றை அகராதியில் தேடிப் பார்த்தேன். 'வாச்சர்' என்ற ஆங்கிலச் சொல், விழித்திருத்தல் என்ற பொருளில் இருந்து வந்ததாம். சிங்கள 'முர'வுக்குள் எங்கள் 'முறை' இருக்கிறது என்று சொல்கிறார்கள். காவலுக்கு அடிச்சொல் 'கா'. காப்பதும் அதிலிருந்துதான், காத்திருப்பதும் அதிலிருந்துதான்.

அந்த நாளில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது அவருடைய கொப்பி மட்டும்தான். யார் போனாலும் வந்தாலும் பெயர், நேரம், போகிற இடம் எல்லாம் எழுதுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து என் தம்பி ரமணன் காதுக்கு மருந்தெடுக்க வந்தான். அவன் கடைக்குப் பாண் வாங்கப் போனதையும் அய்யே எழுதினார்.

"அவன் மருந்தெடுக்க வந்தவன் அய்யே, களவெடுக்க இல்லை" என்று எரிந்து விழுந்தேன்.

"கோவிக்க வேணாம் மிஸ். ஆரும் கேட்டா நான் என்ன சொல்றது?"

வெளியூரிலிருந்து வந்து தங்குபவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும். போர்ம் நிரப்பியாயிற்று. லீவு கேட்கப் பஞ்சிப்பட்டு அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நாளைக்குக் குடுப்பம், நாளைக்குக் குடுப்பம்... இப்படியே நாலு நாள்.

ஐந்தாம் நாள் காலை, நான் வேலைக்குப் போன பிறகு பொலிஸ் செக்கிங் வந்தது. பதிவில்லை என்று ரமணனைக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா ஒஃபிஸுக்குக் கோல் எடுத்தா.

"பிள்ளை, தம்பியைக் கொண்டு போட்டாங்கள்... நீ அந்தப் போர்மைக் குடுத்தனியெல்லோ?"

"ஓம்" என்றேன். பொய்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். அம்மா வாசலில் அழுதுகொண்டு நின்றா. பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார் பியதாச அய்யே, மடியில் கொப்பி. கேட்டைச் சாத்திவிட்டு அம்மாவோடேயே வந்திருந்தார்.

"பெரிய மாத்தயா வரட்டும் மிஸ். நான் இருக்கிறன்."

பின்னேரம் அந்தப் பெரிய பொலிஸ் அதிகாரி வந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். அவர் கொப்பியை விரித்து ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் வாசித்தார். எத்தனை மணிக்குக் கிளினிக் போனான், எத்தனை மணிக்குத் திரும்பினான், எந்தக் கடைக்குப் போனான்... நாலு நாளும் அதில் இருந்தது. இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்தார். ரமணனை விட்டார்கள்.

அம்மா அவனைக் கட்டிப்பிடித்துக் குளறி அழுதா. அன்றைக்கே அவனைக் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அந்த அவதியில் அய்யேக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

அடுத்த நாள் கேட்டில் வேறொருவர் நின்றார். வேலை நேரத்தில் கேட்டை விட்டுப் போனாராம் என்று ஃபிளாட் சொந்தக்காரர் அய்யேயை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார். நான் போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். பதியாமல் ஆள் வைத்திருந்தது தெரிந்தால் எங்களையும் வீட்டை விட்டு எழுப்பிவிடுவாரே என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருடைய ஊர்கூட எனக்குத் தெரியாது.

இப்போது அந்த இடத்தில் பெரிய மாடிக் கட்டடம். கமெரா, கைரேகை மெஷின், மாதத்துக்கொரு செக்கியூரிட்டி. வந்தாயா போனாயா என்று கேட்க ஒருவரும் இல்லை.

போன கிழமை கனடாவிலிருந்து ரமணன் கேட்டான். "அக்கா, அந்த வாச்சர் மனுசன் பிறகு எங்க?"

"ஊருக்குப் போட்டார்" என்றேன்.

ரமணன், இதை நீயும் வாசிப்பாய் என்று தெரியும். அவர் தானாகப் போகவில்லையடா. அவரைப் போக வைத்தது நான்.