தங்கச்சி வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரி

கல்முனை பஸ் நிலையத்தில் என்னை வரவேற்க மூன்று பெண்கள் பூச்செண்டோடு நின்றார்கள். நான் நேரே அவர்களிடம் போய் ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொல்லிவிட்டு நடுவில் நின்றவர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க கா, பஸ்ஸுக்குள்ள இருந்து வெள்ளக்காரி ஒராள் இறங்கணும்" என்றார். அவர்தான் என்னை அழைத்த மாதர் சங்கத்தின் தலைவி. வேறு ஊர், பாலமுனைக்காரி, என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. சொன்னபடி தள்ளி நின்றேன். பஸ் வெறுமையாகி, நடத்துநர் சீட்டுக்கடியில் கிடந்த போத்தல்களைப் பொறுக்கத் தொடங்கும் வரைக்கும் நாங்கள் நான்கு பேருமாக அந்த வெள்ளைக்காரிக்காகக் காத்திருந்தோம். பிறகு என்னை அனுப்பியவர்கள் தந்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

தலைவி கடிதத்தைப் பார்த்தார். என் அபாயாவைப் பார்த்தார். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார்.

"இங்கிலாந்துப் பொம்புள எண்டெல்லோ எழுதியிரிக்கி? பேரப் பாத்து, இஸ்லாத்துக்கு வந்த வெள்ளக்காரி எண்டு நினச்ச நாங்க."

"அது நான்தான்" என்று பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். பூச்செண்டை என்னிடம் தந்தார், ஆனால் மனமில்லாமல் தந்தார். பக்கத்தில் நின்ற இருவரும் பஸ்ஸுக்குள் இன்னும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

நான் கல்முனையில் பிறந்து, கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்துக்குப் போனவள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் வெள்ளைக்காரக் கிழவிகளைத் துடைத்து, உடுப்பு மாற்றி, புண் வராமல் பிரட்டிப் போடுவதுதான் என் தொழில். கணவர் மௌத்தாகி, பிள்ளைகளும் தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கியபின், பெண்களைக் கடல் கடந்த சேவைக்கு அனுப்பும் ஒரு சிறிய அமைப்பில் பெயரைக் கொடுத்தேன். நோயாளியைப் பராமரிக்கும் முறையை ஊர்ப் பெண்களுக்கு ஆறு மாதம் படிப்பிக்க வேண்டும். எந்த நாடு என்ற இடத்தில் இலங்கை என்றும், எந்தப் பகுதி என்ற இடத்தில் கல்முனை என்றும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், எனக்கு வெக்கை ஒத்துக்கொள்ளும் என்று எழுதினேன்.

உண்மையான காரணம் என் தங்கச்சி. உம்மா பாரிசவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தபோது நான் வரவில்லை. பிரிட்டிஷ் குடியுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தேன், என் பாஸ்போர்ட் அந்தக் காரியாலயத்தில் கிடந்தது. திருப்பிக் கேட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக அர்த்தம் என்றார்கள். அடுத்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று நானும் கேட்காமல் இருந்தேன். உம்மா மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்த பிறகு புதுப் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. நான் பிரிட்டிஷ்காரி ஆனது அப்படித்தான். தங்கச்சி என்னோடு கதைப்பதை விட்டதும் அப்போதுதான். பதினொரு வருடமாக நான் போன் எடுத்தால் அவளுடைய கணவரான மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். சும்மா ஒரு கிழமைக்கு வந்தால் அடுப்படியில் நின்றே என்னைச் சமாளித்து அனுப்பிவிடுவாள் என்று தெரியும். ஆறு மாதம் ஊரில் நின்றால் எப்போதாவது ஒரு நாள் வாய் தவறியாவது ஏசுவாள். அந்த ஏச்சை வாங்கத்தான் வந்தேன். ஏசினால்தானே அதற்குப் பிறகு கதைக்கலாம்.

புறப்படுவதற்கு முன் ஒரு நாள் பயிற்சி இருந்தது. மண்டபத்துச் சுவர் முழுக்கப் படங்கள். ஒரு காலத்தில் கப்பல் ஏறிப்போய் வேற்று நாடுகளில் இருந்து வேலை செய்த ஆங்கிலப் பெண்கள்: தாதிமார், ஆசிரியைகள், பாதிரிமாரின் மனைவியர். எல்லோருக்கும் தொப்பி. ஒரு படத்தில் துரைசானி ஒருவர் பிரம்பு நாற்காலியில் இருந்தார். பின்னால் சேலை கட்டிய பத்துப் பெண்கள் நின்றார்கள். படத்துக்குக் கீழே துரைசானியின் முழுப் பெயர், படிப்பு, பிறந்த ஊர் எல்லாம் எழுதி, கடைசியில் "உள்ளூர்ப் பெண்களுடன்" என்று முடித்திருந்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி வெயிலுக்கு ஒரு கண்ணை மூடியிருந்தாள். பயிற்சி நடத்திய அம்மணி என் தோளில் கை வைத்து, "இந்த வரிசையில் அடுத்தவர் நீங்கள்" என்றார். எந்த வரிசையில் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. நல்ல மனுசி, கேட்டால் முகம் சிவந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

நான் தங்கும் வீட்டுக்கு அமைப்பு மூன்று நிபந்தனை போட்டிருந்தது. நாய் இருக்கக்கூடாது, தனி அறை வேண்டும், கொமட் வைத்த பாத்ரூம் வேண்டும். எங்கள் ஊரில் நாய் இல்லாத வீட்டுக்குப் பஞ்சமில்லை. மற்ற இரண்டும் உள்ள வீடுகளில் முதலில் சம்மதம் சொன்ன வீட்டைத் தலைவி அமைப்புக்கு எழுதி அனுப்பியிருந்தார், எது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஓட்டோ அந்த வாசலில் நின்றது. அது நான் பிறந்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்தவளான எனக்கு வரவேண்டிய அந்த வீட்டை, வெளிநாடு போகும்போது தங்கச்சிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். கொமட், படுக்கையில் கிடந்த உம்மாவுக்காக வைத்தது.

தங்கச்சி படலையில் நின்றாள். நரைத்துப் போயிருந்தாள். என்னைக் கண்டதும் அழுவாள், அல்லது படலையை அடித்துச் சாத்துவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"வெல்கம், மிஸ்" என்றாள்.

விருந்தினரைப் பராமரிக்கும் முறை என்று தமிழில் ஒரு தாள் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். அன்றிலிருந்து அந்தத் தாளில் இருந்ததற்கு மேலாக ஒரு மணி அரிசி கூட எனக்குக் கிடைக்கவில்லை. காலையில் பாண், பட்டர், அவித்த முட்டை. பகலைக்கு அவித்த கிழங்கும் வட்டமாக வெட்டிய வெள்ளரிக்காயும். இரவைக்குப் பாண், முட்டை. கொதித்தாறிய தண்ணீர் மூடிபோட்ட ஜக்கில். நான் விளையாடி வளர்ந்த அறையின் கதவை மூன்று தரம் தட்டி, "உள்ள வரலாமா மிஸ்?" என்று கேட்டுத்தான் வருவாள். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று எனக்குக் கை காட்டினாள். குசினியிலிருந்து சூரை மீன் ஆணம் மணக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எனக்கும் கொஞ்சம் போடு" என்று கேட்டேன்.

"அது காரம், மிஸ். தாளில காரம் கூடாதெண்டு இரிக்கி."

"நான் இந்த ஊட்டு ஆணத்துல வளந்தவள்டி!"

"சொந்த விசயம் கதைக்கவும் கூடாதெண்டு இரிக்கி, மிஸ்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். மச்சான் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அறுவடை என்று சொல்லி சவளக்கடை வயல் வட்டைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அமைப்புக்கு மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். பழைய காலத்துப் பெண்கள் வீட்டுக்கு எழுதியதுபோல வெயில், பூச்சி, சாப்பாடு, ஆட்களின் பழக்கவழக்கம் எல்லாம் இருக்கட்டும் என்றார்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டுக்குக் கடிதம் எழுதுவது லேசான வேலையல்ல. இந்த நாட்டு மக்கள் விருந்தினரை அதிகம் மதிக்கிறார்கள், காலையும் மாலையும் முட்டை தருகிறார்கள் என்று எழுதினேன். ஒரு படமும் கேட்டார்கள். தலைவி எங்கிருந்தோ கல்யாண நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து என்னை அதில் இருத்தி, சங்கத்துப் பெண்கள் இருபது பேரையும் பின்னால் நிறுத்தினார். தங்கச்சி எனக்கு நேர் பின்னால் நின்றாள். போனில் அனுப்பிய மூன்றாம் நாள் பதில் வந்தது. அருமையான படம், இதில் நீங்கள் யார் என்று அம்புக்குறி போட்டு அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். அம்புக்குறி போட்டு அனுப்பினேன். அதைப் பார்த்த தலைவி, அடுத்த தரம் தொப்பி ஒன்று போட்டால் இந்தக் கரைச்சல் வராது என்று யோசனை சொன்னார்.

வகுப்பு சங்கத்தின் தையல் மண்டபத்தில் நடந்தது. பெண்கள் மட்டும்தான். விருந்தினரை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்வர வேண்டும் என்றும் தாளில் இருந்ததால் தங்கச்சி தவறாமல் வந்து கடைசி வரிசையில் இருப்பாள். ஐந்தாம் கிழமைதான் நோயாளியைப் பிரட்டும் பாடம். கட்டில் ஒன்று இரவல் வாங்கிப் போட்டிருந்தோம். ஆனால் அதில் படுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. சும்மா இருக்கும் உடம்பில் நோயாளி என்று சொல்லிப் படுத்தால் உண்மையாகவே நோய் வந்துவிடுமாம். கடைசியில் தலைவி என் தங்கச்சியைப் பார்த்தார். அவள் எழுந்து வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கட்டிலில் நேராகப் படுத்து முகட்டைப் பார்த்தாள்.

நான் பாடத்தைத் தொடங்கினேன். முதல் விதி, நோயாளியை ஒராள் தனியாகப் பிரட்டக்கூடாது. கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். தலைவியை அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி, என் ஒரு கையைத் தங்கச்சியின் தோளிலும் மற்றதை இடுப்பிலும் வைத்தேன். ஐந்து கிழமையில் அவளை நான் தொட்டது அதுதான் முதல் தரம்.

"மிஸ், ஒரு கேள்வி" என்றாள், முகட்டைப் பார்த்தபடியே.

"கேளு."

"ரெண்டாவது ஆள் இல்லாட்டி என்ன செய்யிற?"

இங்கிலாந்தில் அதற்குப் பதில் இருக்கிறது. பழக்கத்தில் அதுவே வாயில் வந்துவிட்டது. "மணி அடிக்கணும்" என்றேன். மற்றவர்கள் எல்லோரும் மணி என்று கொப்பியில் எழுதினார்கள்.

"மணி அடிச்சும் அவ வராட்டி?"

"வராட்டி, அவவுக்கு நல்லா ஏசணும்" என்றேன்.

படுத்த படுக்கையிலேயே தொடங்கினாள். "ரெண்டு வருஷம். ஒரு நாளைக்கு ஆறு தரம் ஒராளா நிண்டு பிரட்டின நான். அங்க ஆர்ர உம்மாவப் பிரட்டின நீங்க? பிரட்டக்குள்ள உம்மா உங்கட பேரச் சொல்லித்தான் கூப்பிட்ட. நானும் உங்களப் போல, ஓம் உம்மா, வந்திரிக்கன் எண்டு சொன்ன. நான் ஆரெண்டே தெரியாமத்தான் அந்த மனிசி மௌத்தாப் போன. இப்ப நோயாளியப் பிரட்டிக் காட்ட வந்திரிக்கிங்க! கடிதத்துல உங்கட பேரப் பாத்துத்தான் ஊடு தாற எண்டு நான் கையெழுத்து வெச்ச. அஞ்சு கிழமையா முட்ட அவிச்சி அவிச்சி எனக்கு அலுத்துப் பெயித்து. நீங்களும் ஒரு சொல்லு சொல்லாம திண்டுட்டு இரிக்கிங்க."

சொல்லச் சொல்ல அழுதாள். நானும் வெட்கம் பார்க்காமல் அழுதேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற தலைவி, "இதையும் எழுதணுமா மிஸ்?" என்று கேட்டார். "எழுதுங்க" என்றேன். எழுதினார்கள்.

ஏசி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு அவளாகவே பிரள முயன்றாள். பாதியில் நின்று முகத்தைச் சுளித்தாள். தலைவியும் நானுமாக மெதுவாகச் சுவர்ப் பக்கம் பிரட்டினோம். என் கைக்கு உடுப்புக்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. நாரி நோவுக்கு இடுப்பில் கட்டும் பெல்ட், இறுக்கிக் கட்டியிருந்தாள். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். உம்மா படுத்த இரண்டாம் மாதத்திலிருந்து என்றாள். பெல்ட்டைக் கழற்றி, சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அது அழுத்திய இடமெல்லாம் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. இங்கிலாந்தில் எத்தனை முதுகைப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் தங்கச்சியின் முதுகை அன்றைக்குத்தான் பார்த்தேன்.