அப்பா பார்த்த மார்க்

பள்ளியில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். ராங்க் வரிசையைக் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுவாள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா மார்க்கைப் பார்த்தார். "பாஸ்தானே? அப்புறம் என்ன மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு? சாப்பிட வா" என்றார். அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை. அம்மா வீடு திரும்பும்போது மகள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

அவ்வளவுதான் இருவருக்கும் பேச்சு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஆரம்பத்தில் போன் பண்ணினார்கள். பிறகு அதுவும் நின்றது.

இரண்டு வருடம் கழித்து, கடையில் ஈயாடிய ஒரு பிற்பகலில், நாமும் படித்தால் என்ன என்று தோன்றியது. யாரிடமும் சொல்லாமல் சில கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றுதான் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. விஷயம் தெரிந்ததும் தாய்மாமா யோசனை சொன்னார்: "மார்க் ஏன் கம்மின்னு கேப்பாங்க. அப்பா செத்துட்டாரு, படிக்க முடியலன்னு சொல்லு. தேதிய யாரு பாக்கப்போறா?"

மார்க் ஷீட்டைப் பார்த்த பேராசிரியை கனிவாகவே கேட்டார்: "அந்தச் சமயம் வீட்ல ஏதாவது கஷ்டமாம்மா?"

மாமா சொன்னது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மார்க்கைப் பார்த்துவிட்டுத்தானே அப்பா சாப்பிடக் கூப்பிட்டார்.

"இல்ல மேடம். அப்பா அப்ப நல்லா இருந்தாரு. எனக்குத்தான் படிப்பு ஏறல."

"இப்ப மட்டும் ஏறுமா?"

"தெரியல மேடம். புரியலன்னா எழுந்து கேக்கணும்னு நெனச்சிருக்கேன். அப்பல்லாம் கேக்கவே மாட்டேன்."

இடம் கிடைக்கவில்லை. "பொழைக்கத் தெரியாதவ" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

வகுப்புகள் தொடங்கிய பிறகு, அவள் கடையில் இருந்தபோது அதே கல்லூரியிலிருந்து போன் வந்தது. மாலை வகுப்பில் ஒருவர் விலகிவிட்டாராம். வணிகவியலில் ஓர் இடம் காலி. சேர்ந்துகொள்கிறேன் என்றாள். உடனே அம்மாவை அழைத்தாள். தூக்கத்தில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை. வேறு யாரிடம் சொல்வதென்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். எந்தப் பெயரிலும் விரல் நிற்கவில்லை. எதிரே ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காலேஜ்ல எடம் கெடச்சிருச்சு சார்."

"அப்படியா, நல்லதும்மா. இது மூக்குல நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்."

காதுப் பக்கம் சற்று வளைத்துக் கொடுத்தாள்.

மாலை வகுப்பில் எல்லாரும் வேலைக்களைப்போடு வந்து, மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். சிநேகம் என்று யாரும் வாய்க்கவில்லை. ஆனால் புரியாதபோது எழுந்து கேட்டாள். முதல் தடவை கேள்வியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கணக்குப்பதிவியலில் ஒருமுறை கோட்டைவிட்டு, மறுபடி எழுதித் தேறினாள்.

பட்டமளிப்புக்கு அம்மா இரவு வேலையை முடித்துக்கொண்டு நேராக வந்தாள். நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். மேடையிலிருந்து இறங்கி வந்த மகள் அவளை எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.