ஐந்து நொடியில் தெரிகிற நிறம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பட்டறைத் தெருவில் அவர் சுரண்டி. பழைய வார்னிஷைச் சுரண்டி எடுக்கும் தகட்டை எந்நேரமும் சட்டைப்பையில் வைத்திருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். "இந்தப் பேர் இருக்கிற ஆள்கிட்ட காரை விட்டுட்டுப் போறவங்களுக்குத் தைரியம் ஜாஸ்திதான்" என்பாள் மனைவி. மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் பாலிஷ் போட்டவர். அதை மூடியபின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு பழைய கார்களின் மர டேஷ்போர்டுகளைச் சரிசெய்ய ஆரம்பித்தார். மேலாளர் கிடையாது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டினால் ஏன் என்று கேட்க ஆளும் கிடையாது. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆளே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டின் முன்னறையில் மனைவியின் தம்பி உதிரிபாகக் கடை வைத்திருந்தான். எதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவதுதான் வேலை, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்று நம்புகிறவன்.

"மாமா, நீங்க ஒரு கட்டையைத் தடவிக்கிட்டு இருக்கிற நேரத்துல நான் நாலு காருக்குப் புதுசு மாட்டி அனுப்பிடுவேன்."

"தெரியுமே. அந்த நாலும் அடுத்த வருஷம் திரும்ப உன்கிட்டயே வருதே."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பல் டாக்டரம்மா தன் அப்பாவின் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். டாக்டரம்மா ஓட்டப் பழகிய கார் அது. டேஷ்போர்டில் ஏழு மரத்துண்டுகள். ஏழின் மேலும் ஒரே மரத்திலிருந்து சீவிய, காகிதக் கனமே உள்ள வெனீர். இடது ஓரத்து ரேகை கண்ணாடியில் பார்த்தாற்போல வலது ஓரத்தில் இருக்கும். ஆறு துண்டுகளில் வார்னிஷ் மட்டும்தான் வெடித்திருந்தது. ஏழாவது, சில்லறைச் சாமான் வைக்கும் டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி. காரின் முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீர் இறங்கி, ஒரு மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு வெனீரே போய்விட்டிருந்தது.

மச்சான் அன்றைக்கே ஒரு ரெடிமேட் செட்டை வரவழைத்துவிட்டான். ஏழும் புதிது, பளபளவென்று. பிடிக்காவிட்டால் நாலாவது வாரச் சனிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பிவிடலாம்.

டாக்டரம்மா இருவரையும் பார்த்தார். "என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் பிடுங்கிடுங்கன்னுதான் கேப்பாங்க. நான்தான் இருக்கட்டும்பேன். அதனால பழசையே சரி பண்ணிப் பாருங்க. ஆனா ஒண்ணு. அந்த மூலை தனியாத் தெரிஞ்சா ஏழையும் மாத்திடுங்க. நாள் பூரா பல்லு பார்க்கிற கண்ணு இது. குறை இருந்தா அங்கேயே போய் உட்கார்ந்துக்கும்."

ஆக, மூலை தேறாவிட்டால் நன்றாயிருக்கிற ஆறும் சேர்ந்து குப்பைக்குப் போகும். சுரண்டிக்கு அதுதான் பொறுக்கவில்லை. முதல் மூன்று வாரம் அந்த ஆறோடுதான் இருந்தார். பழைய வார்னிஷ் உரிந்து, ஈரத்துணி பட்டதும் ரேகைகள் எழுந்து வந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மூலைக்கு வேண்டிய மரத்தை அந்தக் காரிலேயே தேடினார். ரேடியோச் சட்டத்துக்கு அடியில், யார் கண்ணிலும் படாத விளிம்பில் அதே வெனீர் இருந்தது. சூடு காட்டிப் பசையை இளக்கி அதை எடுத்து, மூடியில் ரேகையோடு ரேகை சேர ஒட்டினார். இணைப்பு நகத்துக்குக்கூடத் தட்டுப்படவில்லை. நிறம்தான் மல்லுக்கு நின்றது. இத்தனை வருடம் வெயில் பட்டு மூடி வெளுத்திருந்தது. ஒளிந்திருந்த துண்டோ அப்படியே சிவந்து கிடந்தது. அதை வெளுக்கவைத்து, சாயம் தொட்டுத் தொட்டு வைத்து, கொட்டகையின் ட்யூப்லைட்டுக்குக் கீழே மணிக்கணக்கில் உற்றுப் பார்த்தார். கடைசியில் எது பழசு எது புதுசு என்று அவருக்கே தெரியவில்லை. மேலே ஒரு பூச்சு வார்னிஷும் கொடுத்துவிட்டார்.

கெடு முடிகிற சனிக்கிழமை காலை மூடியை மாட்டி, காரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெயில் உள்ளே விழுந்தது. மூலை மட்டும் ரோஜா நிறத்தில் தனியாக நின்றது.

மச்சான் குனிந்து பார்த்தான். "என்ன மாமா, மூடி வெட்கப்படுது?"

சுரண்டி மூலையை விரலால் தேய்த்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவும் வந்துவிட்டார். முன் இருக்கையில் உட்கார்ந்து மூடியைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பினார். மறுபடி பார்த்தார்.

"எந்த வெளிச்சத்துல கலர் சேர்த்தீங்க?"

"உள்ள ட்யூப்லைட்லதாம்மா."

"எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"ராத்திரி பகலா அதைத்தானே பார்த்தாரு. என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்ல" என்று மனைவி வாசற்படியிலிருந்து சொன்னாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நானும் முதல் வருஷம் இதே தப்பைத்தான் பண்ணேன். விளக்குக்குக் கீழ ஒரு முன்பல்லு கட்டிக் கொடுத்தேன். அந்த மனுஷன் தெருவுக்குப் போய்ச் சிரிச்சா, அந்த ஒரு பல்லு மட்டும் நீலம். நிறத்தைப் பகல் வெளிச்சத்துலதான் பார்க்கணும். அதுவும் அஞ்சு நொடிதான். அதுக்கு மேல பார்த்தா கண்ணு சமாதானம் ஆயிடும். ரெண்டும் ஒண்ணுதான்னு அதுவே சொல்லிடும்."

சுரண்டிக்கு மரத்தைத் தெரியும். மரத்தை நனைத்துப் பார்க்கத் தெரியும். தட்டிப் பார்க்கத் தெரியும். கண் இப்படி முதுகுக்குப் பின்னால் போய்ச் சமாதானம் பேசும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"இன்னிக்கு சாயங்காலம் கூரியர்காரன் வருவான் மாமா. செட்டைத் திருப்பிக் கொடுக்கவா, வேணாமா?" என்றான் மச்சான்.

"அதுக்குள்ள சொல்லிடறேன்" என்றார் டாக்டரம்மா. காரை விட்டு இறங்கி, வெளியே அதன் ஜன்னலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீங்க பூசுங்க. நான் பார்க்கிறேன்."

மூலையின் வார்னிஷை முதலில் எடுத்தாக வேண்டும். மூடியைக் கழற்றிக்கொண்டு, தகட்டைச் சட்டைப்பையிலிருந்து உருவினார். ஒரு இழுப்பு கூடிப்போனால் வெனீர் கிழிந்து அடிப்பலகை பல்லிளிக்கும். மச்சான்கூடக் கிட்டே வந்து குனிந்தான். வார்னிஷ் தூளாக வந்தது. பிறகு சாயம் பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைந்து துணியில் வந்தது. மரம் தப்பியது.

பிறகு அந்த விநோதமான வேலை நடந்தது. அவர் ஒரு தொடுகை சாயம் வைப்பார், ஈரமாக்கி மூடியைத் தூக்கிப் பிடிப்பார். டாக்டரம்மா ஐந்து எண்ணும்வரை பார்த்துவிட்டு, மனைவி கொண்டுவந்த நீலப் போர்வையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்வார். "கொஞ்சம் மஞ்சள்." "இப்ப இருட்டிடுச்சு." "இல்ல, போன தடவைதான் கிட்டத்துல வந்துது." நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, பார்த்தவர் கண்ணைச் சுருக்கினார். போர்வையைப் பார்த்தார். திரும்ப மூடியைப் பார்த்தார்.

"செட்டைக் கொடுத்து அனுப்பிடுங்க" என்றார் மச்சானிடம்.

"அம்மா, நல்லா யோசிச்சு..."

"யோசிச்சா கண்ணு சமாதானம் ஆயிடும்ப்பா."

வார்னிஷ் ஆறு பூச்சு ஏறிக் காய இன்னும் ஒரு வாரம் பிடித்தது. காரை எடுத்துப் போக டாக்டரம்மா வந்த அன்று, மச்சான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து முன் இருக்கையில் ஏறினான். ஒட்டு எந்த மூலை என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஆனாலும் ஒத்துக்கொள்கிற ஜாதியா அவன். மூடியை மேலும் கீழும் பார்த்து, தடவி, முகர்ந்துகூடப் பார்த்தான். கடைசியில் இடது கீழ் மூலையில், மரம் தானாகவே சுழித்திருந்த ஓர் இடத்தில் விரலை ஊன்றினான்.

"இதோ இருக்கு. என் கண்ணுக்குத் தப்புமா? என்னதான் பண்ணாலும் ஒட்டு ஒட்டுதான் மாமா."

டாக்டரம்மா சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுரண்டி குனிந்து அவன் விரல் இருந்த இடத்தை, மிகச் சரியாக ஐந்து நொடி, பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டியே" என்றார்.