சாமியறையில் ஒரு பிஷப்

எங்கள் வீட்டுச் சாமியறையில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவே, உயரமான தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் பல வருஷம் நின்றிருந்தார். நெற்றியில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், பஞ்சில் தாடி. வீட்டுக்கு வருகிறவர்கள் பக்தியாகக் கும்பிட்டுவிட்டு, கூப்பிய கையை இறக்காமலே "இது யாரு?" என்று என்னைக் கேட்பார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா என்றால் நம்ப மாட்டார்கள். அதில் தப்பும் இல்லை. பினாங்கு பீச் ஸ்ட்ரீட் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால், பனி என்று கொட்டிய பஞ்சுக்கு நடுவே அவர்கள் பார்த்ததெல்லாம் தொந்தியும் சிரிப்புமான ஆளை. எங்கள் ஆள் ஒல்லி. சிரிக்கவும் மாட்டார்.

அவரைத் தைத்தது என் பெரியக்கா. வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். அப்பா துறைமுகக் கிடங்கில் கிராணி. பினாங்கில் கிராணி என்றால் வெள்ளைச் சட்டை போட்டுக் கணக்கு எழுதுகிற வேலை. சட்டைதான் வெள்ளையே தவிர, பெட்டியில் தங்கம் கிடையாது. அந்த வருஷம் அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து பெரியக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரத்தை வாயாரப் புகழ்ந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, ஃபெர்ரி ஏறிப் போனார்கள். நகை போதாது என்று பிறகு ஆள் வந்து சொன்னான். பலகாரம் போதாது என்று மட்டும் சொல்லவில்லை.

பெரியக்கா அழவில்லை. அன்றைக்கு உடுத்தியிருந்த சேலையைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, தான் படித்த கான்வென்ட் பள்ளிக்கு மறுநாளே போய், தையல் டீச்சர் வேலை கேட்டாள். அங்கே தையல் கூடத்தைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரி ஒரு படத்தையும் ஒரு துண்டு சிவப்பு வெல்வெட்டையும் கையில் கொடுத்தார். கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஒரு பொம்மை தைத்துக் கொண்டு வா, மனசுக்குப் பிடித்தால் ஜனவரியில் வேலைக்கு வா என்றார். பெரியக்காவின் உயிரே அந்த வெல்வெட்டில்தான் இருந்தது.

படத்தில் இருந்தவர் ஒரு பிஷப். உள்ளங்கையில் மூன்று தங்க உருண்டைகள். "லட்டா?" என்று சின்னக்கா கேட்டாள். கன்னியாஸ்திரியிடம் கேட்டு வந்து பெரியக்கா சொன்ன கதை இதுதான்.

கடைத்தெருவில் சிரிக்கிறாரே குண்டு மனிதர், அவருக்கு ஆதி இந்த ஒல்லி மனிதர்தான். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் துருக்கிப் பக்கம் ஒரு கடலோர ஊரில் பிஷப்பாக இருந்தாராம். அங்கே ஓர் ஏழைக்கு மூன்று பெண்கள். சீர் கொடுக்க வழியில்லை. பிஷப் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாக ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை தங்கம் வீசிவிட்டுப் போனாராம். படத்தில் இருந்த மூன்று உருண்டைகள் அந்த மூன்று பைகள்தான். ஒரு பை, காயப்போட்டிருந்த காலுறைக்குள் விழுந்ததாம். பிள்ளைகள் இன்றைக்கும் காலுறையைத் தொங்கவிடுவது அதனால்தான். மாலுமிகள் அவரைத் தங்கள் காவலாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். போன ஊரில் எல்லாம் அவருக்கு ஊருக்கொரு சட்டை மாட்டினார்கள். ஓரிடத்தில் குதிரை கொடுத்தார்கள், ஓரிடத்தில் தொந்தி கொடுத்தார்கள்.

இந்தக் கதையை அடுப்படிக்குக் கொண்டுபோனது நான்தான். அப்பாவுக்கு ஒரே குஷி. "கப்பல்காரன் சாமியா? அப்ப நம்ம ஹார்பர் ஆளு லா!" என்றார்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"எத்தனை பொண்ணுன்னு சொன்னே?"

"மூணும்மா."

"அவங்கப்பன்கிட்ட ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லையாம்."

அம்மா மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. எப்போதும் பேசுகிற அம்மா பேசாமல் இருந்தால் ஏதோ வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொம்மை முடிந்தது. புளியங்கொட்டைமேல் பஞ்சு சுற்றி, மஞ்சள் பட்டுநூலால் இழைத்துப் பெரியக்கா அந்த மூன்று உருண்டைகளைச் செய்தாள். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின காலை பார்த்தால் மேசையில் பொம்மையைக் காணோம். சாமியறையில் இருந்தார். குளித்துவிட்டு வந்த அம்மா அவருக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி முகத்தில் குங்குமம் ஊறியிருந்தது. இனி அது போகாது.

"அம்மா! அது விக்கிறதுக்குச் செஞ்ச பொம்மை!"

"சாமிய விக்கிறதாவது?"

"நான் செஞ்சதும்மா அது!"

"நீதான் செஞ்சே. இப்ப உள்ள வந்து உக்காந்திருக்காரே, அவரையும் நீயா செஞ்சே? மூணு பொண்ணுக்கும் ஒரு வழி காட்டு, பட்டு சாத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். இனிமே அனுப்ப முடியாது."

பெரியக்கா அன்றைக்குத்தான் அழுதாள். "என் வேலை போச்சு. வெல்வெட்டும் போச்சு. எதைப் போட்டு இன்னொண்ணு தைப்பேன்?"

அம்மா பெட்டியைத் திறந்தாள். தன் கூறைப் புடவையை எடுத்துப் பெரியக்காவின் மடியில் போட்டாள். "வெட்டிக்கோ" என்றாள், அவ்வளவுதான். அரக்குச் சிவப்பு, கை அகலம் ஜரிகை. வெட்டப் பெரியக்காவுக்குக் கை வரவில்லை. கடைசியில் முதல் வெட்டை அம்மாவே வெட்டினாள். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து தாடியும் தொப்பியும் தைத்தோம். ஜரிகைக் கரை போட்ட அங்கியில் இரண்டாவது பிஷப்பைப் பார்த்த கன்னியாஸ்திரி "பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் மெச்சிக்கொண்டே இருந்தாராம். ஜனவரியில் பெரியக்கா டீச்சர் ஆனாள். அம்மாவின் கூறைப் புடவை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிஷப்மார்கள் தோளில் ஏறிப்போனது.

சின்னக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான மாசம், அரிசிப் பானைக்குள் ஒரு துணிப்பை கிடந்தது. உள்ளே வளையல்கள். யார் வைத்தது என்று அப்பா கேட்டதற்கு, பிள்ளைகளின் தையல் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த பெரியக்கா தலை தூக்காமல், "பிஷப் போட்டிருப்பார்" என்றாள். என் முறை வந்தபோது சங்கிலி என் தலையணை உறைக்குள் இருந்தது. இடையில் பெரியக்காவையும் இரண்டொருவர் கேட்டு வந்தார்கள். ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. என்ன சொல்வாளோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. அந்தச் சங்கிலியை இன்றுவரை நான் கழற்றியதும் இல்லை.

என் கழுத்தில் தாலி ஏறிய அன்று, நேர்த்திக்கடனுக்கென்று வாங்கி வைத்திருந்த பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு அம்மா சாமியறைக்குப் போனாள். மாலையும் கழுத்துமாக நானும் பின்னால் போனேன். பிஷப் முன்னால் நின்று அம்மா என்னவோ முணுமுணுத்தாள். பட்டை அவருக்குச் சாத்தவில்லை. திரும்பி வந்து, கூடத்தில் பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்த பெரியக்காவின் தோளில் போர்த்தினாள்.

பெரியக்கா பதறிப்போனாள். "என்னம்மா இது? சாமிக்கு வேண்டிக்கிட்டதை எனக்குப் போடுறீங்களே! தெய்வக் குத்தம் ஆயிரும்!"

"பை போட்டவங்களுக்குத்தான் பட்டு" என்றாள் அம்மா. "அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."