வலது காலில் ஒரு கொப்புளம்

என் கணவருக்கு நாற்காலி ஆகாது. சட்டமன்றத்துக்குப் போவதற்கு முன்பும் ஆகாது, போன பின்பும் ஆகவில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் உட்காருவார். கூட வாழ்ந்த எனக்கும் அந்தப் பரபரப்பு தொற்றிக்கொண்டது.

எங்கள் தீவின் கரும்புத் தோட்டங்களில் கலகம் மூண்ட வருஷம் அவருக்குப் பதினெட்டு வயது. கரும்பு வெட்டும் கத்தியைப் போட்டுவிட்டு பஸ்ஸில் கண்டக்டராக ஏறினார். யுத்தம் முடிந்தபின் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி சென்ட்ர் டி ஃப்ளாக்கிலிருந்து தலைநகர் போர்ட் லூயிக்கு ஓட்டினார். அது வழியில் பழுதாகி நிற்காத நாள் கிடையாது. நின்றால் மற்ற முதலாளிகள் டிரைவரைத் திட்டுவார்கள். இவர் தானே கீழே இறங்கி, ஜன்னல் ஜன்னலாகப் போய், "மோ ஃபோத், என் தப்பு, அடுத்த பஸ் வருது" என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லுவார். தப்பு டயருடையதாக இருந்தாலும் அப்படித்தான். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு பஸ் மூன்றானது. பஸ்ஸில் ஏறியவர்களே அவரைக் கிராம சபைக்கும் அனுப்பினார்கள்.

வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று வந்த முதல் தேர்தலில் சட்டமன்றத்துக்கு நின்றார். தேர்தலுக்குச் சில வாரம் முன்னால் எங்கள் ஊர்க் கோவிலில் தீமிதி. தானும் மிதிக்கப்போவதாகச் சொன்னார்.

"அம்மனுக்கா, ஓட்டுக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்," என்றார்.

காப்புக் கட்டினால் பத்து நாள் வீடே விரதம். கவிச்சி வாசலைத் தாண்டி வரக்கூடாது. வீட்டில் யார் விரதத்தை முறித்தாலும் தீ மிதிக்கிறவர் கால் காட்டிக்கொடுத்துவிடும். இதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எனக்கும் கிடையாது. அப்படியிருந்தும் நான் செய்ததைச் சொல்கிறேன்.

எட்டாம் நாள் காத்ர் போர்னில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் புருஷன் அரசாங்க உத்தியோகஸ்தர். விரதமெல்லாம் தோட்டத்து ஜனங்களின் சங்கதி என்று நினைக்கிற வீடு. அடுப்பில் தக்காளியும் தைம் இலையும் போட்ட கருவாட்டு ருகாய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "தீ மிதிக்கப்போறது அவருதானே, நீ இல்லையே," என்றாள் அக்கா. எட்டு நாளாக வீட்டில் பருப்பும் பிரசங்கமும்தான். எனக்கு அலுத்துப்போயிருந்தது. ருசி பார்த்தேன் என்று சொன்னால் பொய். தட்டு நிறையச் சாப்பிட்டேன். பிறகு பயம் பிடித்துக்கொள்ள, எலுமிச்சம்பழத்தை விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினேன். போர்ட் லூயியில் அவர் பஸ்ஸிலேயே ஏறி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வீடு வந்தேன்.

தீமிதி அன்று அவர் நன்றாகத்தான் நடந்தார். தீக்குழி முடிந்து கால் நனைக்கும் பால்குழிக்கு இரண்டடி இருக்கும்போது ஒரு கணம் தயங்கினார். யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வலது பாதத்தைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம். துணி கட்டிவிட்டேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவர் நொண்டுவதைப் பார்த்தவர்களிடம் புது ஷூ கடிக்கிறது என்றோம். சந்தையில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கொப்புளம் என்று தெரிந்தால் அம்மன் ஒதுக்கிய ஆளுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? அடுத்த கேள்வி வீட்டுக்காரி என்ன தின்றாள் என்பதாகத்தானே இருக்கும்?

கடைசிக் கூட்டத்தைக் கோவில் மண்டபத்தில் வைத்துவிட்டார்கள். ஷூவைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது.

"காய்ச்சல்னு சொல்லித் திரும்பிடலாங்க," என்று கெஞ்சினேன்.

அவர் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தார். கட்டுப்போட்ட காலோடு மண்டபத்துக்குள் நடந்தார். எல்லார் கண்ணும் அந்தக் கட்டின்மேல்தான். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான தோட்டத் தொழிலாளிப் பெண்மணி எழுந்தாள்.

"அம்மன் ஏத்துக்கலையா, தம்பி? யாரு விரதத்தை முறிச்சது?"

அவள் என்னைப் பார்த்துக் கேட்டதாகவே எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத் திறந்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். இல்லை, பொய் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அவர் மனப்பாடம் செய்து வந்த தமிழ்ப் பேச்சை விட்டுவிட்டு கிரியோலுக்குத் தாவினார்.

"மோ ஃபோத். போர்ட் லூயில ஒரு விருந்து. மீன் வச்சாங்க, சாப்பிட்டுட்டேன். ஓட்டுப் போடறது உங்க இஷ்டம்."

பின்னாலிருந்து யாரோ ஒருவன், "மீனாவது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான். மண்டபமே சிரித்தது. அந்தக் கிழவிகூடச் சிரித்தாள். அந்தத் தேர்தலில் ஜெயித்தார்.

எனக்கு முதலில் நிம்மதி, பிறகு கோபம். இவரும் தின்றிருக்கிறார், நான் ஒருத்தி கிடந்து வெந்திருக்கிறேன்! ஆனாலும், தப்பில் பாதி அவருடையது என்று ஆனதால் நாள் ஓடியது. பஸ் கட்டணத்தைப் பற்றி முடிவு செய்யும் இடத்தில் பஸ் முதலாளி உட்காரக்கூடாது என்று மூன்றையும் விற்றார். சாலைக்கும் பாலத்துக்கும் அலைந்தார். போகிற இடமெல்லாம், "தப்பை ஒத்துக்கற மனுஷன்" என்று மாலை போட்டார்கள். ஒவ்வொரு மாலைக்கும் எனக்கு உள்ளே அரித்தது.

சுதந்திரத்தன்று நண்பகலில் சாம்ப் டி மார்ஸ் மைதானத்தில் நின்றோம். புதுக்கொடி ஏறத் தொடங்கியது. இனியும் அடக்கினால் வெடித்துவிடுவேன் என்று தோன்றியது. அவர் காதருகே போய், "அந்த விரதத்துல நானும் முறிச்சேங்க. அக்கா வீட்டுல, கருவாடு," என்றேன்.

அவர் கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். பஸ்ஸெல்லாம் எலுமிச்சை வாசனை."

"அப்ப ஆளுக்குப் பாதித் தப்பு."

"நான் எங்க மீனைத் தொட்டேன்?" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். நான் அவருடைய வலது ஷூவைப் பார்த்துக்கொண்டு அழுதேன். கொடிக்காக அழுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற ஒரு மந்திரியின் மனைவி கைக்குட்டையை நீட்டினாள்.