காகங்கள் தோற்ற கோடை

என் கணவர் சயந்தனுக்குக் கோபம் வராது. கல்யாணம் பேசிய காலத்தில் இதைப் பெரிய நல்ல குணமாக எங்கள் வீட்டில் சொன்னார்கள். கோபம் வராத மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவருக்கு வரவேண்டிய கோபமும் சேர்ந்து எனக்குத்தான் வருகிறது. இந்தக் கோடையில் அது அளவுக்கு மிஞ்சி வந்தது. காரணம் பேஸ்பால்.

சுவிஸில் பேஸ்பாலா என்று கேட்பீர்கள். நானும் கேட்டவள்தான். எங்கள் வில் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு சின்ன ஊர். ஊரின் ஓரத்தில், சோளக் காணிக்கும் மரம் அரியும் ஆலைக்கும் நடுவில் ஒரு புல்வெளி. அங்கேதான் 'காகங்கள்' என்ற அணி விளையாடியது. தச்சுவேலை செய்பவர், பள்ளிக்கூட வாத்தியார், பஸ் ஓட்டுபவர் என்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காகமானவர்கள். தொப்பியிலும் ஒரு கறுப்புக் காகம் இருக்கும். அந்தத் தொப்பியை முதல் முதல் கண்டபோது என் அப்பா சண்முகலிங்கம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

"தம்பி, சனீஸ்வரன்ர வாகனத்தைத் தலையில வைச்சுக்கொண்டு போறியள். எப்பிடி வெல்லுவியள்?"

"அது வெறும் படம்தானே மாமா" என்றார் இவர்.

அப்பா டாவோஸில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி எங்களை இங்கே எடுப்பித்தவர். எண்பதுகளில் வந்த அவருக்கு, யுத்தம் முடிந்த பிறகு வந்தவர்கள் எல்லோரும் சுகமாக வந்து சேர்ந்தவர்கள். மருமகன் ஞாயிறு தோறும் பந்தடிக்கப் போவது அந்த எண்ணத்துக்கு நல்ல சாட்சியாகிவிட்டது.

சயந்தன் சுகமாக வந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியில் இருந்தார். கடைசி வருடம்தான், இரண்டு பள்ளிக்கூடங்கள் வருடா வருடம் மோதுகிற பெரிய மட்சுக்குத் தெரிவானார். வெள்ளை உடுப்பும் தைத்தாகிவிட்டது. யுத்தத்தில் பாதையைப் பூட்டினார்கள், ஊரடங்கு வந்தது, அந்த வருடம் அவர்களுடைய மட்ச் நடக்கவில்லை. பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். யுத்தம் முடிந்து இங்கே வந்து, அகதி முகாமில் இருந்து, விசாவுக்குக் காத்துக் கிடந்து, கடைசியில் பிளாஸ்டிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நின்றார். இன்றும் அங்கேதான் நிற்கிறார். அங்கே அவர் பெயரைச் சரியாகச் சொல்பவர் ஒருவரும் இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது கம்பி வேலிக்கு அப்பால் ஆட்கள் பந்து எறிவதைக் கண்டு நின்றிருக்கிறார். ஒரு பந்து வேலியைத் தாண்டி வந்தது. இவர் அதை வெறும் கையால் ஏந்தினார். உள்ளே எல்லோரும் தோல் கையுறை போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் ரெட்டோ ஓடிவந்து இவருடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். அன்றிலிருந்து இவர் அவர்களுக்கு 'சயா'.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் பெரும்பாலும் மாற்று ஆட்கள் குந்துகிற வாங்கில்தான் இருந்தார். பிழை அவருடைய காலில். கிரிக்கெட்டில் பந்தை அடித்த பிறகு ஓடுவதும் ஓடாததும் உங்கள் விருப்பம். பேஸ்பாலில் களத்தின் மூலைகளில் பேஸ் என்று மெத்தை வைத்திருப்பார்கள், பந்து களத்துக்குள் போனால் முதல் பேஸுக்கு ஓடியே ஆகவேண்டும். அவர் அங்கே போய்ச் சேர முன்னம் பந்து போய்ச் சேர்ந்தால் அவர் அவுட். அதைவிட மோசம், அவர்தான் மூன்றாவது அவுட் என்றால், அந்த நேரம் வேறொருவர் ஓடி எடுத்த ஓட்டமும் செல்லாது. இவர் அடித்துவிட்டு, மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பந்து போகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"சயா, முதலில் ஓடு. மற்றதெல்லாம் பிறகு" என்று ரெட்டோ சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டினார்.

எனக்கு எரிச்சல் இல்லாமல் இருக்குமா? எங்கள் ஆட்களின் பிறந்தநாள், கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு எல்லாம் சனியும் ஞாயிறும்தான். ஒவ்வொரு விழா ஹோலிலும் நான் தனியாகப் போய் நிற்பேன். "எங்க உங்கட அவர்?" என்று கேட்பார்கள். வாங்கில் குந்தியிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? வேலை என்று சொல்வேன்.

இந்த வருடம் பனி உருகும் முன்னமே அணியை நடத்துகிற கழகம் கூட்டம் வைத்துக் கறாராகச் சொல்லிவிட்டது. ஒரு மட்சாவது வென்றால்தான் அடுத்த வருடம் அணி இருக்கும். வெல்லாவிட்டால் மூடுவிழா. புல்வெளி ஊர்ச்சபைக்குச் சொந்தம், அதை வாங்கிக்கொள்ள உதைபந்தாட்டக்காரர் வாசலிலேயே நிற்கிறார்கள். சயந்தன் வந்து இதைச் சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. வேலைத்தலமும் வீடும் தவிர இந்த நாட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு துண்டுப் புல் மட்டும்தான். எனக்கு அது விளங்கியது. விளங்கியபடியால் இன்னும் கோபம் வந்தது.

கழகம் ஒரு கெட்டித்தனம் செய்தது. சரித்திரத்தில் முதல் தடவையாகச் சம்பளத்துக்கு ஒரு தொழில்முறை ஆட்டக்காரரைக் கரீபியன் தீவொன்றிலிருந்து இறக்கினார்கள். பந்து எறிவதுதான் அவர் வேலை. எறிந்தால் பந்து கண்ணுக்கே தெரியாது என்று இவர் வீட்டுக்கு வந்து புளுகுவார். அவரை நம்பி மற்றவர்கள் எறிந்து பழகுவதை விட்டுவிட்டார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். சித்திரையில் புல்வெளியில் பனி கொட்டி முதல் மட்ச் நடக்கவில்லை. அடுத்த மட்சில் குளிரில் எறிந்த அந்த மனிதருக்குத் தோள்மூட்டுப் பிசகிவிட்டது. ஒரு மட்ச்கூட வென்று கொடுக்காமல் கட்டோடு விமானம் ஏறினார்.

பிறகென்ன, தோல்விதான். வெயிலில் தோற்றார்கள், மழையில் தோற்றார்கள். முன்னணியில் நின்று கடைசிச் சுற்றில் கோட்டை விட்டார்கள். ஆடியில் சுவிஸ்காரர் எல்லோரும் விடுமுறையென்று கடற்கரைக்குப் போய்விட, ஆள் காணாமல் இவரை வாங்கிலிருந்து எழுப்பினார்கள். நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறி இவர் விரதம் பிடித்த நாட்களிலும் விளையாடினார். மட்ச் முடிந்து மற்றவர்கள் சொசேஜ் சுட்டுத் தின்ன, இவர் சுட்ட சோளத்தோடு பக்கத்தில் இருப்பார்.

"தோத்துப்போட்டு வந்து என்னத்துக்கு அவங்களோட இருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"வெண்டால்தான் இருக்கலாம் எண்டு ஆரும் சொல்லேல்லை" என்றார்.

இப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது, சொல்லுங்கள்.

கடைசி மட்ச் புரட்டாசியில், சொந்த மைதானத்தில். ஏரிக்கரை ஊரொன்றின் அணி வந்திருந்தது. அன்று நானும் போனேன். ஏன் போகிறாய் என்று அப்பா கேட்டார், மழை வராது என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் இருக்கிற கம்பி வேலியோரம் நின்றேன்.

அதிசயமாக அன்று காகங்கள் விளையாடினார்கள். கடைசிச் சுற்று வந்தபோது இரண்டு பக்கமும் சமன். அடிப்பது எங்கள் பக்கம். இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள். மூன்றாவது பேஸில் நிற்பவர் ஓடிவந்து, அடிப்பவர் நிற்கிற இடத்திலுள்ள வீட்டுத் தட்டை மிதித்தால் வெற்றி. மட்டை பிடிக்க வேண்டிய முறை சயந்தனுடையது. அவரை மாற்றுவதற்கு வேறு ஆள் இல்லை. ரெட்டோ முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

இரண்டு பந்தை விட்டார். மூன்றாவதை அடித்தார். அது இரண்டாவது பேஸ்காரரின் தலைக்கு மேலால் போய்ப் புல்லில் விழுந்தது. மூன்றாவது பேஸிலிருந்து தச்சர் ஓடிவந்து தட்டை மிதித்தார். நான் கத்தினேன், எல்லோரும் கத்தினார்கள். வாங்கில் இருந்தவர்கள் களத்துக்குள் பாய்ந்தார்கள்.

சயந்தன் நாலைந்து எட்டு வைத்திருப்பார். தச்சர் தட்டை மிதித்ததைக் கண்டதும் நின்றார். மட்டையைக் கமக்கட்டுக்குள் வைத்தார், தலைக்கவசத்தைக் கழற்றினார், திரும்பி வந்து, தட்டுக்குப் பின்னால் நின்ற எதிரணிக் கட்சருக்குக் கையை நீட்டினார். பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் அப்படித்தான். வெற்றி ஓட்டம் எடுத்தால் ஆட்டம் முடிந்தது, தோற்ற விக்கெட் காப்பாளருக்குத்தான் முதலில் கை கொடுப்பது. அந்தக் கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கட்சர் நீட்டிய கையைப் பார்த்தான். முதல் பேஸைப் பார்த்தான். பிறகு கையைப் பிடித்தான். பிடித்தபடியே களத்தைப் பார்த்து ஏதோ கத்தினான். ரெட்டோ "ஓடு சயா, ஓடு" என்று அலறியது அப்போதுதான் எனக்குக் கேட்டது. சயந்தன் ஓடுவதற்குத் திரும்ப முயன்றார். கை வரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கண்ணால் கண்டேன், அவன் விடவில்லை. பந்து முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விட்டான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது என் கண் முன்னால் உடைந்தது.

இவர் மூன்றாவது அவுட், ஓட்டம் செல்லாது. ரெட்டோ நடுவரிடம் பாய்ந்தார். அவன் பிடித்து வைத்திருந்தான் என்றார். நடுவர் ஒருவர்தான், அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றதால் கையைக் காணவில்லை. கட்சரைக் கேட்டார். கை கொடுத்தேன், வேறொன்றும் இல்லை என்றான். நடுவர் சயந்தனிடம் வந்தார்.

"உன்னை ஓடவிடாமல் பிடித்து வைத்திருந்தானா? அப்படியென்றால் ஓட்டம் செல்லும்."

மொத்த அணியும் அவர் வாயைப் பார்த்தது.

"ஓம் எண்டு சொல்லுங்கோப்பா" என்றேன் வேலிக்குப் பின்னால் நின்று. அங்கே தமிழ் விளங்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை. கையை நீட்டினது நான்" என்றார் ஜெர்மன் மொழியில்.

மேலதிகச் சுற்றில் மற்றப் பக்கம் மூன்று ஓட்டம் எடுத்தது, எங்கள் பக்கம் ஒன்றும் எடுக்கவில்லை. ரெட்டோ வந்து இவரைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். பஸ் ஓட்டுபவர் கையுறையைக் கழற்றிப் பைக்குள் எறிந்தார். இவர் பக்கமே பார்க்கவில்லை.

காரில் ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அவன் உங்கட கையைப் பிடிச்சு வைச்சிருந்தவன் எல்லோ?"

"ஓம்."

"விடாமல்?"

"கொஞ்சம் இறுக்கித்தான் பிடிச்சவன்."

"அப்ப என்னத்துக்கு இல்லையெண்டு சொன்னனீங்கள்? பெரிய அரிச்சந்திரனோ? அரிச்சந்திரனும் கடைசியில சுடலையிலதான் நிண்டவன்."

அவர் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது, காரை எடுத்தார்.

"அவன் பிடிக்கேக்க நான் ஏற்கெனவே நிண்டிட்டன், வேணுகா. அவன் பிடிச்சது கையை. நிண்டது என்ர கால்."

"ஓட வேணும் எண்டு தெரியாதோ உங்களுக்கு? இத்தனை வருஷமா அதைத்தானே சொல்லித் தந்தவங்கள்?"

"தெரியும்." அடுத்த சந்தியில் காரைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "வெண்ட மட்ச் ஒண்டு முடியேக்க நான் ஒருநாளும் களத்தில நிண்டதில்லையப்பா. வெண்டிட்டம் எண்டு கண்ட உடன கால் தன்ரபாட்டுக்கு நிண்டிட்டுது."

வீடு வரும்வரை அந்தக் கட்சரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழமையே கழகம் கூடியது. சொன்னபடி அணியை மூடினார்கள். யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் நல்லது, ஒருவேளை அப்போதாவது இவருக்குக் கோபம் வந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு என் சிநேகிதி சுகந்தியின் மகளுக்குப் பிறந்தநாள். மத்தியானம் ஹோலுக்குப் போகவேண்டும். சயந்தன் வழமைபோல விடிய எழும்பினார். தேத்தண்ணி குடித்தார், சவரம் செய்தார், நான் அழுத்தி வைத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் வந்து இருந்தார். எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். சரி என்றார். கையை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தார். ரேடியோ போடவில்லை, போனை எடுக்கவில்லை. நான் சட்டி கழுவினேன், உடுப்பு மடித்தேன், திரும்பி வந்தேன், அப்படியேதான் இருந்தார். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. ஒருக்கா வெளியில போயிட்டு வாங்கோப்பா."

"எங்கை?" என்று கேட்டார்.

கோபத்தில் கேட்கவில்லை. நான் ஒரு இடத்தைச் சொன்னால் எழும்பிப் போவார் போலத்தான் கேட்டார். எனக்கு ஒரு இடமும் வாயில் வரவில்லை.